பேசாமல் இருப்பதற்குக் கூலி

அன்று மூன்றாம் வகுப்பில் இருந்தவர்கள்: பையன்கள் பதினொரு பேர். பெண்பிள்ளைகள் பதின்மூன்று பேர். அவர்களில் ஒருத்தியின் மடியில், கம்பெனிக்குப் போன அம்மா விட்டுவிட்டுப் போன இரண்டரை வயதுத் தம்பி. நாற்காலியில் உதவிக் கல்வி அலுவலர். ஊரில் எல்லோருக்கும் அவர் ஏ.இ.ஓ. அவர் பக்கத்தில், நாற்காலி இருந்தும் உட்காராமல், தலைமையாசிரியர். வாசற்படியில், செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்தபடி பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஜன்னலுக்கு வெளியே, உள்ளே நடப்பதைப் பார்ப்பதற்கென்றே அங்கே உட்கார்ந்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த சத்துணவு ஆயா. கரும்பலகை ஓரமாக நான். அந்த வகுப்பின் உண்மையான டீச்சர் மட்டும் இல்லை. அவர் தாய்வீட்டில் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தார்.

இத்தனை பேர் இருந்தும் கீரை உருவுகிற சத்தம் உள்ளே கேட்டது. அந்த அமைதியை நான் முப்பத்தாறு ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். வாங்கியது தப்பான சரக்கு என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

நான் டீச்சர் இல்லை. ஒன்பதாவது பரீட்சை எழுதிய கையோடு நின்றவள். சிவகாசியில் ஒரு பைண்டிங் கம்பெனியில் பள்ளிக்கூட நோட்டு தைக்க ஆள் எடுத்தார்கள். நோட்டு சீசன் கோடை விடுமுறையில் வருவது. சீசனுக்கு என்று போனவள், பள்ளி திறந்தபோது திரும்பவில்லை. ஊரார் பிள்ளைகள் படிக்க நோட்டுத் தைப்பதற்காகத் தன் படிப்பை நிறுத்தியவள் என்று என்னைப் பற்றிச் சொல்லலாம், யாரும் சொன்னதில்லை. பல வருஷம் கழித்து, ஆமத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். அரசாங்கம் மாற்று ஆள் தராது. ட்ரெயினிங் முடித்த பெண்கள் மாதம் அறுநூறு ரூபாய்க்கு வர மாட்டார்கள். நான் வருவேன் என்பது எப்படியோ தலைமையாசிரியருக்குத் தெரிந்திருந்தது.

எப்படியோ என்ன, என் காதைப் பார்த்தாலே தெரியும். அப்பா கால் முறிந்து கிடந்தபோது என் கம்மல் விருதுநகர் அடகுக்கடைக்குப் போயிருந்தது. வட்டியும் முதலுமாக மீட்க ஆயிரத்து எண்ணூறு வேண்டும். தீபாவளி தாண்டினால் ஏலத்தில் போய்விடும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். மூன்று மாதச் சம்பளம் சரியாக ஆயிரத்து எண்ணூறு. கடவுளே கணக்குப் போட்டுக் கொடுத்தது மாதிரி இருந்தது. கணக்கு இவ்வளவு சரியாக வந்தால் எனக்குப் பயம் வந்துவிடும். அன்றும் வந்தது.

தலைமையாசிரியர் நல்ல மனிதர். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது; அதுவரை எதுவும் நடக்கக் கூடாது என்பதுதான் அவருடைய கல்விக் கொள்கை. என்னை அழைத்து உட்கார வைத்துச் சொன்னார்.

“பாரும்மா, நீ பாடம் நடத்தாட்டியும் குத்தமில்லை. பிள்ளைக சத்தம் ரோட்டுக்குக் கேக்கக் கூடாது. கழகத்துக் காசு, மூணு மாசம் முடிஞ்சதும் மொத்தமா வாங்கிக்கோ. நடுவுல ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சுன்னா எடுத்துக் குடுக்க முடியாது.”

அந்த வருஷம்தான் பிள்ளைகள் தாமே படிக்கிற புது முறை என்று சொல்லி, வண்ண வண்ண அட்டைகள் பெட்டி பெட்டியாக வந்திறங்கியிருந்தன. அட்டை கிழிந்தால் யார் பொறுப்பு என்று அவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் இருந்தது.

எனக்குக் கவலை வருவதற்குக் காரணம் தேவையில்லை. காரணம் கிடைத்தால் சந்தோஷமாக எடுத்துக்கொள்வேன். இருபத்துநாலு பிள்ளைகள் இருபத்துநாலு காரணங்களைக் கொண்டுவந்தார்கள். யாராவது சாக்பீஸை விழுங்கிவிட்டால்? பல்லி சாம்பாரில் விழுந்துவிட்டால்? ஒரு பிள்ளை எழுந்து பின்னக் கணக்கைக் கேட்டுவிட்டால்? கடைசிக் கவலைதான் பெரியது. நல்லவேளை, மூன்று மாதத்தில் யாருமே எதையும் கேட்கவில்லை. அவர்கள் பேசினார்கள், அவ்வளவுதான். தீப்பெட்டி ஆபீசில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய அம்மாக்களின் பிள்ளைகள். பக்கத்தில் இருப்பவனிடம் ரப்பர் கேட்பதே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

முதலில் எல்லோரும் செய்வதைச் செய்தேன். கையைக் கட்டு, வாயைப் பொத்து என்றேன். வாயைப் பொத்தினால் கை கட்ட முடியாது டீச்சர் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. கம்பு எடுத்தேன், ஓங்கிவிட்டு அடிக்காமலே கீழே வைத்தேன். பிறகு, பேசுகிறவர்கள் பெயரைப் பலகையில் எழுத ஒரு லீடரைப் போட்டேன். இரண்டு நாள் அருமையாகப் போனது. மூன்றாம் நாள் பலகையில் ஒரு பெயர்கூட இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. லீடரின் டவுசர் பை வீங்கியிருந்தது. உள்ளே நெல்லிக்காய். பெயரை அழிக்க இரண்டு, எழுதாமலே இருக்க மூன்று.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற பலகைச் சட்டத்தைக் கட்டை என்பார்கள்; அடுக்கி முடித்த ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு டோக்கன் தருவார்கள். சனிக்கிழமை டோக்கனை எண்ணிக் கூலி. இந்தப் பிள்ளைகளுக்கு அ, ஆ தெரிவதற்கு முன்னால் டோக்கன் தெரியும். பைண்டிங் கம்பெனியில் இருந்த காலத்தில் பக்கத்து அச்சாபீசில் கழித்துப்போட்ட தீப்பெட்டி லேபிள்களை நான் கட்டாக எடுத்து வைத்திருந்தேன். எல்லாம் கிளிப் படம். சிவப்பு மை விலகி, கிளியின் மூக்கு அதன் கழுத்தில் அச்சாகியிருக்கும். ஒரு பீரியட் பேசாமல் இருந்தால் ஒரு கிளி. பத்துக் கிளி சேர்த்தால் ஒரு பென்சில். அறிவித்தேன்.

அடுத்த நிமிடம் வகுப்பு அடங்கிவிட்டது. தலைமையாசிரியர் என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அந்த ஒரு வாரம் நான் ஒரு டீச்சராகவே இருந்தேன். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன். வீட்டில் அம்மாவை அதட்டினேன்.

பிறகு தொழில் ஆரம்பமானது. முதலில் ரேட். வாய்ப்பாடு எழுதும் பீரியடில் பேசாமல் இருப்பது கஷ்டமான வேலை, அதற்கு இரண்டு கிளி என்றார்கள். கொடுத்தேன். மத்தியானம் சோறு தின்ற பிறகு தூக்கம் வரும். தூங்காமலும் பேசாமலும் இருப்பது டபுள் டூட்டி என்றார்கள். கொடுத்தேன். அதன் பிறகு இரட்டைச் சடைக்காரி வந்தாள். அவள் அம்மா, வெடிக் கம்பெனியில் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்து முதலாளியிடம் பேசுகிறவர். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றாள்.

“டீச்சர், எனக்குப் பத்துக் கிளி அட்வான்ஸ் குடுங்க. அடுத்த வாரம் பூராம் பேசாம இருந்து கழிச்சிருதேன்.”

எங்கள் பக்கம் அட்வான்ஸ் கொடுக்காமல் யாரையும் வேலைக்கு வைக்க முடியாது. அது எனக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். கொடுத்தேன். மறுநாள் பதினாறு பேர் அட்வான்ஸ் வாங்கினார்கள். அதற்கு அடுத்த நாள், அட்வான்ஸ் வாங்கிய நாலு பேரைக் காணவில்லை. தேடிப் போனால் நாலாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே அந்த டீச்சர் பேசாமல் இருந்தால் தேன்மிட்டாய் தருகிறாராம். ஒரு கம்பெனியில் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு இன்னொரு கம்பெனிக்குப் போகிறவர்களைத் தேடிக்கொண்டு வீடு வீடாக வருகிற ஏஜெண்டுகளை எங்கள் தெருவில் பார்த்திருக்கிறேன். அவர்கள் முகத்தில் இருக்கும் வெறுப்பு அன்று என் முகத்தில் இருந்திருக்கும். காதைப் பிடித்து இழுத்து வந்தேன். அதில் ஒருவன், இங்கனயும் அங்கனயும் ஷிப்ட் போட்டுப் பார்க்கலாமா டீச்சர் என்று கேட்டான்.

ஒரு மத்தியானம் மேற்கே எங்கோ பெரிய சத்தம் கேட்டது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வெடி போட்டுப் பார்க்கிற சத்தம் எங்களுக்குப் புதிதல்ல. இது அதைவிடக் கனமாக இருந்தது. வகுப்பு அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். யாருடைய அம்மா எந்தப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறாள் என்று அவரவர் மனதுக்குள் ஓடியிருக்கும். ஆயா வெளியே போய், ரோட்டில் வந்த வேன்காரரிடம் விசாரித்துவிட்டு, கல்குவாரியாம், கம்பெனி இல்லையாம் என்று வந்து சொன்னார். அதுவரை ஒரு குரல் எழவில்லை. அந்த அமைதிக்கு யாரும் கிளி கேட்கவில்லை. எனக்கும் கொடுக்கத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் பழைய சத்தம் வந்தபோது, முதல் தடவையாக, பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

என் கிளி நாணயத்துக்கு முடிவு கட்டியவன் வகுப்பில் இருந்த ஓர் அச்சாபீஸ்காரர் பையன். அவன் அப்பா சிவகாசியில் லேபிள் அடிக்கிற மெஷினில் இருந்தார். ஒரு திங்கட்கிழமை அவன் பையில் நோட்டு இல்லை. ஒரு கட்டுக் கிளி இருந்தது. மூக்கு மூக்கிலேயே இருந்த நல்ல கிளி. இடைவேளைக்குள் வகுப்பு முழுக்க ஆளுக்கு ஐம்பது, அறுபது. இது செல்லாது, நான் கொடுத்ததுதான் செல்லும் என்றேன். அவன் என் கிளியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

“உங்க கிளியிலதான் டீச்சர் கலர் விலகியிருக்கு. இது ரிஜெக்ட். எங்க அப்பா இதைக் கிழிச்சுப் போட்டுருவாரு.”

நோட்டு அடிக்கிற ஊரில் போய் நோட்டு விட்டது என் தவறுதான். இருபத்துநாலு பேரும் பணக்காரர்களாகிவிட்டார்கள். பணக்காரன் எதற்கு வாயை மூடிக்கொண்டு இருப்பான்? ஆளுக்கு ஆறு பென்சில் கடன்பட்டிருந்தேன். சத்தம் ரோட்டைத் தாண்டிப் பஸ் நிறுத்தம் வரை போயிருக்கும். தலைமையாசிரியர் வந்து, ரோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அடகுக்கடைக்காரர் முகம் தெரிந்தது.

இந்த நிலைமையில்தான், தீபாவளிக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஏ.இ.ஓ. வருகிறார் என்று தகவல் வந்தது. என் மூன்று மாதம் முடிகிற வாரமும் அதுதான். தலைமையாசிரியர், அன்னைக்கு ஒருநாள் மட்டும் காப்பாத்திரும்மா, மறுநாள் சம்பளம் உன் கையில் என்றார். இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் வகுப்பில் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். கிளி இனி கிடையாது, ஆபீசர் வருகிறார், அன்றைக்குச் சத்தம் வந்தால் எனக்குச் சம்பளம் கிடையாது.

அவர்கள் கூடிப் பேசினார்கள். நான் வெளியே நிற்க வேண்டியிருந்தது. சிறிது நேரம் கழித்து இரட்டைச் சடைக்காரி கதவருகில் வந்து, உள்ளே வரலாம் என்றாள்.

“பழைய கிளியெல்லாம் விட்டுருதோம் டீச்சர். தீவாளி போனஸா ஆளுக்கு ஒரு பென்சிலு, ஒரு கடலைமிட்டாயி. பள்ளிக்கூடம் விட்டதும் கையில குடுத்துரணும். வெள்ளிக்கிழமை பூராம் வாயைத் திறக்க மாட்டோம்.”

“திறந்தா?”

“திறந்த ஆளுக்குப் போனஸ் கிடையாது. நாங்களே சொல்லிட்டோம்.”

பென்சில் ஒரு ரூபாய், மிட்டாய் ஐம்பது காசு. இருபத்துநாலு பேருக்கு முப்பத்தாறு ரூபாய். ஊரில் இருந்த ஒரே கடை, கழகத் தலைவருடைய கடை. அவரே என் சம்பளத்தையும் தர வேண்டியவர் என்பதால் கடன் கேட்கலாமா என்று யோசித்தேன். சம்பளம் வேறு, யாவாரம் வேறும்மா என்று அவர் ரொக்கமாக வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. பிள்ளைகள் வாக்குத் தவறவில்லை. காலை வணக்கம்கூடச் சொல்லவில்லை. கையை மட்டும் குவித்தார்கள். ஏ.இ.ஓ. வந்தார். மதுரைப் பக்கத்துக்காரர், சிரித்த முகம். உட்கார்ந்ததும், நல்லா இருக்கீங்களா என்று கேட்டார். இருபத்துநாலு தலைகள் ஆடின. உன் பெயர் என்ன என்று முன்னால் இருந்தவனைக் கேட்டார். அவன் நோட்டைத் திருப்பி அட்டையில் எழுதியிருந்த பெயரைக் காட்டினான். ஒரு பாட்டுப் பாடுங்க என்றார். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மடியில் இருந்த தம்பி மட்டும், அவனோடு ஒப்பந்தம் கிடையாது என்பதால், “முட்டாயி” என்றான். அக்கா அவன் வாயைப் பொத்தினாள்.

ஏ.இ.ஓ.வின் சிரிப்பு குறைந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஏம்மா, இப்போ வந்திருக்கிற முறையில பிள்ளைங்க பேசணும். ஓடியாடணும். வகுப்புன்னா சத்தமா இருக்கணும். இது என்ன, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு? அட்டையெல்லாம் எங்கே?”

தலைமையாசிரியரின் கை தானாக இடுப்புச் சாவியைத் தொட்டது. மூன்று மாதம் நான் எதை அடக்கப் பாடுபட்டேனோ, அதைத் தேடிக்கொண்டுதான் அந்த மனிதர் ஜீப் ஏறி வந்திருக்கிறார். நான் பிள்ளைகளைப் பார்த்து, பேசுங்கம்மா, பரவாயில்லை, பேசுங்க என்றேன். யாரும் நம்பவில்லை. ஏ.இ.ஓ. குரலைத் தாழ்த்தி, அடிப்பீங்களோ என்று என்னைக் கேட்டார். இதைவிடப் பெரிய கம்ப்ளெய்ன்ட் இனி எங்கிருந்து வர வேண்டும்?

என்னைக் காப்பாற்ற நினைத்தது இரட்டைச் சடைக்காரிதான். அவள் கையை உயர்த்தி எழுந்து நின்றாள். பேசினால் நஷ்டம் என்பதால் முதலில் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ள விரும்பினாள்.

“டீச்சர், இப்பப் பேசுனா போனஸுல கழிப்பீகளா?”

ஏ.இ.ஓ. மெதுவாக, என்ன போனஸ் என்று கேட்டார். தலைமையாசிரியர் முப்பது வருஷ அனுபவசாலி. ஒரு மூச்சில் அவர் என்னைப் பற்றி ஒரு சரித்திரமே உண்டாக்கிவிட்டார். சார், இந்தப் பொண்ணு தன்னார்வலர். டீச்சர் லீவுல போனதும் தானே வந்து, ஒத்தைப் பைசா வாங்காமச் சேவை பண்ணுது. ஏழைப் பிள்ளைகளுக்குத் தீபாவளிக்குத் தன் கைக்காசுல பென்சில் வாங்கி வச்சிருக்கு. அதைத்தான் சார் பிள்ளைக போனஸுங்குதுக.

என் கையில் பென்சில் கட்டு இருந்தது. மறுக்க முடியாத சாட்சி. ஏ.இ.ஓ.வின் முகம் மலர்ந்துவிட்டது. அவர் எழுந்து நின்றே விட்டார். எவ்வளவு படிச்சிருக்கீங்கம்மா என்று கேட்டார். ஒன்பதாவது என்றேன். படித்தவர்களுக்கு இல்லாத மனசு என்று தலைமையாசிரியரைப் பார்த்துச் சொன்னார். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு வாசற்படியில் நின்ற கழகத் தலைவரை உள்ளே அழைத்து, இப்படி ஓர் ஆளை ஊர் கௌரவிக்க வேண்டாமா என்று கேட்டார். தலைவர் அதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டார். ஆளை விட்டுத் தன் கடையிலிருந்து ஒரு சால்வை வரவழைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். பிள்ளைகள்தான் அதிகச் சத்தமாகத் தட்டினார்கள். கை தட்டக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இல்லை. நான் கும்பிட்டேன். வேறு என்ன செய்வது? இல்லைங்க சார், எனக்கு மாசம் அறுநூறு ரூபாய் என்று அந்த நேரத்தில் சொல்ல, ஒன்பதாவதைவிடக் கொஞ்சம் அதிகமாகப் படித்திருக்க வேண்டும்.

மாலையில் போனஸ் கொடுத்தேன். எழுந்து நின்றவளுக்கும் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை, நான் பேசிட்டேம்லா என்றாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை சம்பளம் கேட்டுப் போனேன். தலைமையாசிரியர், நான் ஆபீசரிடம் சொன்னது உன் நன்மைக்குத்தான், அவர் அதை எழுதிக்கொண்டும் போய்விட்டார், இனி நான் காசு கொடுத்தால் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடாதா என்று வருத்தத்தோடு கேட்டார். தலைவரிடம் போகச் சொன்னார். தலைவர் கடையில் தீபாவளிக் கூட்டம். என்னைப் பார்த்ததும் வந்தவர்களிடம், இந்தப் பிள்ளைதான், காசு வாங்காமப் பாடம் நடத்துனது என்று காட்டினார். எல்லோரும் என் காதைப் பார்த்தார்கள். நான் மெதுவாக, அந்தக் கழகத்துப் பணம் என்றேன்.

“சேவைக்குக் காசு குடுத்தா உன்னைய அசிங்கப்படுத்துன மாதிரியில்லாம்மா ஆயிரும்,” என்றார். “பள்ளிக்கூட கேட்டுக்கு வேற பெயிண்ட் அடிக்கணும்.”

கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அதில் தலைவர் பெயரும் எழுதினார்கள். டீச்சர் குழந்தையோடு வந்து வேலையில் சேர்ந்தார். நான் பைண்டிங் கம்பெனிக்குத் திரும்பிப் போய், அங்கே அட்வான்ஸ் கேட்டேன். அது கையில் வருவதற்குள் கம்மல் ஏலத்தில் போய்விட்டது. யார் எடுத்தார்கள் என்று தெரியாது. கொஞ்ச நாள் பஸ்ஸில் பெண்களின் காதுகளைப் பார்த்துக்கொண்டே போனேன். பிறகு அந்தப் பழக்கமும் விட்டது.

சால்வையை நான் சும்மா வாங்கிக்கொண்டதாக யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்தக் கவலை எனக்கு இன்னும் உண்டு. அதே சால்வை அதே கடையில் அறுபது ரூபாய்க்குத் தொங்குவதைப் பிறகு பார்த்தேன். அதைக் கழித்துவிட்டால் எனக்கு வர வேண்டிய பாக்கி, ஆயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.